பட்டியலில் ஏறாத நூல்கள்: யாழ்ப்பாண முஸ்லிம்களின் எழுத்துச் செல்வம் குறித்து

யாழ்ப்பாணப் பொது நூலகம் என்று வாயெடுத்தால் 97,000 என்ற எண்ணும் கூடவே வந்துவிடும். 1981 மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட நெருப்பில் அவ்வளவு நூல்கள் போயின என்பது எங்கட பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். அந்த 97,000இல் முஸ்லிம்கள் எழுதிய தமிழ் நூல்கள் எத்தனை? சோனகத் தெருவில் இருந்து போய்ச் சேர்ந்தவை எவை? அரபுத்தமிழ் நூல்கள் அங்கே எந்த அலுமாரியில் இருந்தன? பதில் சொல்ல வாய் வராது. எண் எங்களிடம் இருக்கிறது, பெயர்கள் இல்லை.

எரிந்தவற்றுள் சில சேகரங்களின் பெயர் மட்டும் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. ஆனந்த குமாரசுவாமியின் நூல்கள், ஐசக் தம்பையாவின் நூல்கள் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் எல்லாரும் குறிப்பிடுவார்கள். அவை ஒரு பெரியவரின் சேகரமாக வந்தவை. யார் தந்தது என்று ஒரு பெயர் அவற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் இன்றும் அவற்றைப் பேசுகிறோம். ஒவ்வொன்றாக, ஓசைப்படாமல் வந்து சேர்ந்த சின்ன நூல்களுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஒரு நூலின் பிரதி எரிந்துபோனாலும் அதன் பெயரும் ஆசிரியரும் ஆண்டும் எங்காவது எழுதப்பட்டிருந்தால், இன்னொரு பிரதியைச் சென்னையிலோ இலண்டனிலோ காயல்பட்டினத்து வீடொன்றிலோ தேடலாம். பெயரே தெரியாவிட்டால் எதைத் தேடுவது? இழந்தோம் என்று சொல்வதற்குக்கூட இழந்தது என்னவென்று தெரிய வேண்டும். நூற்பட்டியல் என்பது நூலகர்களின் அலுவலக வேலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாண முஸ்லிம்களைப் பொறுத்தவரையில் அது எங்கள் வரலாற்றின் அடித்தளம். அதைக் காட்டுவதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

844 நூல்களில் தொடங்கியது

கே.எம். செல்லப்பா என்ற நீதிமன்ற ஊழியர் 1933இல் தம் வீட்டிலேயே ஒரு சிறு வாசிப்பு நிலையத்தை நடத்தத் தொடங்கினார். ஊரில் உள்ள அறிஞர்களும் கனவான்களும் அவரோடு சேர்ந்துகொள்ள, 1934 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் வாடகை அறையொன்றில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று இருந்த நூல்கள் 844. பிறகு அது உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. நூல்கள் பெருகின, இடம் போதவில்லை.

புதிய கட்டடத்துக்கு 1954 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. வரைபடம் சென்னை அரசின் கட்டடக் கலைஞர் நரசிம்மனுடையது. நூலகம் எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை சொன்னவர் எஸ்.ஆர். இரங்கநாதன். 1950களின் நடுப்பகுதியில், அந்தக் கட்டடம் எழுந்துகொண்டிருந்த காலத்தில், மாநகர முதல்வராக இருந்தவர் எங்கள் எம்.எம். சுல்தான் என்பதை இங்கே நினைவூட்ட வேண்டும். நூலகம் 1959 ஒக்டோபர் 11இல் திறக்கப்பட்டது. ஆகவே அது யாரோ கட்டி எங்களை உள்ளே விட்ட இடமன்று. அதன் வரலாற்றில் எங்களுக்கும் பங்கு உண்டு.

இரங்கநாதன் யார் என்பதைச் சொல்லாமல் இந்த விஷயத்தைத் தொடர முடியாது. சீர்காழியில் பிறந்தவர், கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகத் துறையையே மாற்றியமைத்தவர். 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகள் இன்றும் உலகம் முழுவதும் பாடமாக இருக்கின்றன. நூல் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் உண்டு. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர். இவைதான் அந்த ஐந்தின் சாரம்.

மூன்றாவது விதியைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாசகர் தனக்குத் தெரிந்த நூலைத் தேடி வருவது சாதாரண விஷயம். தெரியாத நூலொன்று தன் வாசகரைப் போய்ச் சேர வேண்டுமென்றால் நடுவில் ஒரு தூதுவர் வேண்டும். அந்தத் தூதுவர்தான் பட்டியல். ஒரே நூலுக்கு ஆசிரியர் பெயரில் ஓர் அட்டை, தலைப்பில் ஓர் அட்டை, பொருளில் ஓர் அட்டை என்று எழுதி, எழுத்து வரிசையில் இழுப்பறைகளில் அடுக்குவார்கள். ஆசிரியரைத் தெரிந்தவரும் தலைப்பை மட்டும் கேள்விப்பட்டவரும் ஒன்றும் தெரியாமல் ‘நோன்பைப் பற்றி ஏதாவது இருக்குதா சேர்?’ என்று வருபவரும் மூன்று வாசல்களால் வந்து ஒரே நூலின் முன்னால் நிற்பார்கள்.

இந்த அட்டைப் பட்டியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. அது நூல்களோடு ஒரே கூரையின் கீழ் இருக்கிறது. நெருப்பு வந்தால் நூலுக்கும் பட்டியலுக்கும் வேறுபாடு காட்டாது. பட்டியலை அச்சிட்டு வேறு ஊர்களுக்கு அனுப்பியிருந்தால் மட்டுமே அது தப்பும்.

பகுதாதின் புத்தக வியாபாரி

பட்டியல் போடுவது வெள்ளைக்காரன் கொண்டுவந்த கலை என்று நினைப்பவர்கள் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். மெல்வில் டூயி தசமப் பகுப்பை வெளியிட்டது 1876இல். அதற்கு ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்னர், ஹிஜ்ரி 377இல், அதாவது கி.பி. 987இல், பகுதாதில் இப்னு அந்நதீம் ‘கிதாபுல் ஃபிஹ்ரிஸ்த்’ என்ற பெரும் பட்டியலை எழுதினார். அவர் ஒரு வர்ராக். நூல்களைப் பிரதி எடுத்து விற்கும் தொழில் அது. கடைக்கு வரும் நூல்களையும் தாம் கண்ட, கேட்ட நூல்களையும் பத்துப் பிரிவுகளாக வகுத்தார். எழுத்தும் வேதங்களும் முதற் பிரிவு. இலக்கணம், வரலாறு, கவிதை, கலாம், ஃபிக்ஹும் ஹதீஸும், தத்துவமும் பழைய விஞ்ஞானங்களும், கதைகள், பிற சமயங்கள், இரசவாதம் என்று அது நீள்கிறது. இந்தியரின் நம்பிக்கைகளுக்கும் சீனரின் நம்பிக்கைகளுக்கும்கூட அதில் இடம் உண்டு.

கவிஞர்களின் நூல்களைச் சொல்லும்போது அவை எத்தனை ஏடுகள் கொண்டவை என்றும் குறிக்கிறார். ஏட்டின் ஒரு பக்கத்துக்கு இருபது வரி என்று அளவும் சொல்லிவிடுகிறார். வாங்குகிறவர் குறைப் பிரதியைக் கொடுத்து ஏமாற்றப்படக்கூடாது என்பது நல்ல வியாபாரியின் கவலை. இன்று நூலகர் ‘பக்கங்கள்: 212’ என்று எழுதுவதும் அதே காரணத்துக்காகத்தான். பட்டியலில் உள்ள பக்க எண்ணிக்கை கையில் உள்ள பிரதியில் இல்லையென்றால், ஏதோ கிழிந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

1258இல் மங்கோலியப் படை பகுதாதை அழித்தது. நூல் நிலையங்களும் போயின. இப்னு அந்நதீம் குறித்துவைத்த நூல்களில் மிகப் பலவற்றுக்கு இன்று ஒரு பிரதியும் இல்லை. ஆனாலும் அவை இருந்தன என்று உலகத்துக்குத் தெரியும். யார் எழுதினார், எதைப் பற்றி எழுதினார் என்று தெரியும். அந்த அறிவின் பெரும் பகுதிக்கு நாம் அந்த வர்ராக்குக்குக் கடன்பட்டிருக்கிறோம். பதினேழாம் நூற்றாண்டில் இஸ்தான்பூலின் ஹாஜி கலீஃபா ‘கஷ்ஃபுழ் ழுனூன்’ என்ற பட்டியலில் ஏறக்குறைய 15,000 நூல்களின் பெயர்களை எழுத்து வரிசையில் அடுக்கினார். இப்படி ஒரு மரபு எங்களுக்குப் பின்னால் நிற்கிறது. கடன் கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளும்படி ஏவப்பட்ட சமுதாயம், தன் நூல்களை எழுதிவைக்காமல் விட்டதற்குச் சாட்டுச் சொல்ல முடியாது.

எங்கட நூல் எந்த அலுமாரியில்?

நூலகத்தில் நூல் இருப்பது ஒன்று, அது தேடுபவரின் கைக்கு வருவது இன்னொன்று. முஸ்லிம்களின் தமிழ் நூல்கள் இந்த இரண்டுக்கும் இடையில் விழுந்துபோக வசதியான பள்ளங்கள் பல உண்டு.

டூயி பகுப்பில் 200 தொடக்கம் 299 வரை சமயத்துக்கு உரியது. அதில் 220 முதல் 289 வரை கிறிஸ்தவத்துக்குப் போய்விடுகிறது. மற்ற எல்லாச் சமயங்களும் 290க்குள் நெருக்கிக்கொண்டு இருக்க வேண்டும். இஸ்லாத்துக்குக் கிடைத்த எண் 297. தமிழ் இலக்கியத்துக்கு உரியது 894.811. இப்போது உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கையில் எடுங்கள். 1842இல் செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் அதை முதன்முதலாக அச்சேற்றினார். அது நபிகளாரின் வரலாறு, ஆகவே 297இல் வைக்கலாம். அது தமிழ்க் காப்பியம், ஆகவே 894.811இல் வைக்கலாம். இரண்டும் சரி. ஆனால் ஒரு பிரதி ஒரே நேரத்தில் இரண்டு தட்டுகளில் இருக்காது. 297இல் வைத்தால் கம்பராமாயணத்தோடு அதை ஒப்பிட்டுப் படிக்க வரும் தமிழ் மாணவரின் கண்ணில் படாது. 894.811இல் வைத்தால் மார்க்க நூல் தேடி வருபவர் காணமாட்டார்.

இதற்கு மருந்து பட்டியலில்தான் இருக்கிறது. நூல் எந்தத் தட்டிலும் இருக்கட்டும், மற்றப் பொருளின் கீழும் ஓர் அட்டை போட்டு ‘இதையும் பார்க்க’ என்று வழிகாட்டிவிட வேண்டும். இந்தச் சிறிய குறிப்பு இல்லாததால் எத்தனை நூல்கள் தமிழ் இலக்கிய வரலாறு எழுதியவர்களின் பார்வைக்கு வராமல் போயிருக்கும்! முஸ்லிம் புலவர்களுக்கு இலக்கிய வரலாறுகளில் ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று ஒதுக்கப்பட்டதற்குப் பாரபட்சத்தை மட்டும் காரணம் சொல்லிப் பழகிவிட்டோம். தட்டும் ஒரு காரணம்.

வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த அறிஞர் ஏ.எம்.ஏ. அஸீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய ‘இலங்கையில் இஸ்லாம்’ 297க்குப் போகும். எகிப்தைப் பற்றிய ‘மிஸ்ரின் வசியம்’, ‘கிழக்காபிரிக்கக் காட்சிகள்’ ஆகிய இரண்டும் பயண நூல்களாகப் புவியியல் பக்கம் போகும். ஆங்கிலத்தில் எழுதியவை இன்னோர் அறையில் இருக்கும். அலுமாரிகளில் சிதறிய அஸீஸை ஓர் ஆளாகத் திரும்பக் கூட்டிவைப்பது ஆசிரியர் பட்டியல் மட்டுமே.

அரபுத்தமிழ் நூல்களின் கதை இன்னும் மோசம். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) போன்றோர் அரபு எழுத்தில் தமிழை எழுதினார்கள். எங்கள் வீடுகளில் பெண்கள் மார்க்கம் படித்ததும் இப்படியான கிதாபுகளில்தான். அரபு தெரியாத நூலகர் அந்த எழுத்தைப் பார்த்தவுடன் ‘அரபு’ என்று எழுதி ஒதுக்கிவிடுவார். அரபு மட்டும் தெரிந்தவர் எடுத்துப் பார்த்தால் எழுத்து வாயில் வரும், பொருள் வராது. தமிழ் தெரிந்தவர் அந்தப் பக்கமே போகமாட்டார். மூன்று பேருக்கும் இல்லாமல் நூல் தூசு பிடித்துக் கிடக்கும். ‘மொழி: தமிழ், எழுத்து: அரபு’ என்று இரண்டு குறிப்புகளைத் தனித்தனியாக எழுதினால் போதும், அந்த நூலுக்கு மறுபடி வாசகர் கிடைப்பார்.

வகைப்பெயர்களும் அப்படித்தான். மசாலா, கிஸ்ஸா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்பவை முஸ்லிம் புலவர்கள் தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்த இலக்கிய வகைகள். பொதுவான பட்டியல் ஒன்றில் இவை எல்லாமே ‘சமயப் பாடல்கள்’ என்ற ஒரே தலைப்பின் கீழ் அடங்கிவிடும். படைப்போர் எத்தனை, முனாஜாத்து எத்தனை என்று ஆராய நினைப்பவருக்கு ஒவ்வொரு நூலாகப் புரட்டுவதைத் தவிர வழி இருக்காது.

பெயரில் உள்ள சிக்கல்

பொருளைவிடப் பெரிய சிக்கல் பெயர். ஒரே பெயரை முகியித்தீன், முகைதீன், முஹ்யித்தீன், மொகிதீன், மீரான் முகைதீன் என்று எத்தனை விதமாக எழுதுகிறோம்! பதுறுத்தீன் புலவரின் முகியித்தீன் புராணத்தைத் தேடுகிறவர் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றி எத்தனை தரம் முயல வேண்டும் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆசிரியர் பெயரிலும் சந்தேகம், தலைப்பிலும் சந்தேகம்.

யாழ்ப்பாணத்து அசனா லெப்பைப் புலவரை ‘அசனா’ என்று எழுதினால் அவர் பட்டியலின் முதல் இழுப்பறையில் இருப்பார். ‘ஹஸனா’ என்று திருத்தி எழுதினால் கடைசி இழுப்பறைக்குப் போய்விடுவார், ஏனென்றால் ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய கிரந்த எழுத்துகள் தமிழ் வரிசையில் னகரத்துக்கும் பிறகுதான் வருகின்றன. ஓர் எழுத்தைத் திருத்தியதால் ஒரு புலவர் நூலகத்தின் ஒரு மூலையில் இருந்து மறு மூலைக்குப் போய்விடுகிறார்.

தலைப்பும் மாறும். கண்டியில் வாழ்ந்த அறிஞர் சித்திலெப்பை 1885இல் எழுதிய நாவலை ‘அஸன்பேயுடைய கதை’ என்றும் சொல்வார்கள், ‘அசன்பே சரித்திரம்’ என்றும் சொல்வார்கள். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பேசப்படும் நூலுக்கே இந்த நிலை. இரண்டு தலைப்புகளும் ஒரே நூலைத்தான் குறிக்கின்றன என்று பட்டியல் சொல்லாவிட்டால், பிற்காலத்து மாணவர் ஒருவர் சித்திலெப்பை இரண்டு நாவல்கள் எழுதினார் என்று முடிவு கட்டிவிடுவார்.

முதலெழுத்துச் சிக்கல் வேறு. பேராசிரியர் உவைஸை எம்.எம். உவைஸ் என்றும் ம.மு. உவைஸ் என்றும் எழுதுகிறார்கள். ‘எ’யில் தேடுவதா, ‘ம’வில் தேடுவதா, ‘உ’வில் தேடுவதா?

நூலகவியலில் இதற்குத் தீர்வு உண்டு. ஒருவருக்கு ஒரு வடிவத்தை நிலையான பெயராக வைத்துக்கொண்டு, மற்ற வடிவங்கள் எல்லாவற்றில் இருந்தும் அதற்கு வழிகாட்டுவது. இந்தக் கலை எங்களுக்குப் புதிதன்று. ஹதீஸ் கலை அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் வரலாற்றை எழுதியபோது இதே சிக்கலைத்தான் எதிர்கொண்டார்கள். ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், ஒரே ஆளுக்கு நான்கு பெயர்கள் இருக்கும். அவர்கள் இயற்பெயரோடு தந்தை பெயரையும் குன்யாவையும் பட்டப்பெயரையும் ஊரைக் காட்டும் நிஸ்பாவையும் இறந்த ஆண்டையும் சேர்த்து எழுதினார்கள். யார் யாரிடம் கேட்டார் என்பதையும் குறித்தார்கள். அஸ்மாஉர் ரிஜால் என்று நாம் பெருமையோடு சொல்லும் அந்தக் கலை, இன்றைய நூலகர்களின் மொழியில் சொன்னால், மிகச் சிறந்த பெயர்ப் பட்டியல். ஆலிம்கள் ஒரு வாக்கியத்தின் உண்மையைக் காக்க இவ்வளவு பாடுபட்டார்கள். நாம் எங்கள் புலவர்களின் பெயர்களுக்கு அதில் பத்தில் ஒரு பங்காவது செய்ய வேண்டும்.

கணினி வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். கணினிக்கு நீங்கள் அடித்த எழுத்துதான் தெரியும். ‘முகைதீன்’ என்று அடித்தால் ‘முகியித்தீன்’ தானாக வந்து நிற்காது. இரண்டும் ஒன்று என்று மனிதர் ஒருவர் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

இரண்டு மணி நேரம்

பொது நூலகம் எரிந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1990 ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். வடமாகாணம் முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 75,000 பேர் அந்த நாட்களில் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். நகையும் பணமும் பறிக்கப்பட்டதை எல்லாரும் எழுதிவிட்டார்கள். வீடுகளில் இருந்த காகிதங்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

இரண்டு மணி நேரத்தில் பிள்ளையைத் தூக்குவார்களா, கிதாபைத் தூக்குவார்களா? பெட்டகத்தில் இருந்த மௌலிது கிதாபு, வாப்பாவின் வாப்பா கையால் எழுதிவைத்த ஞானப்பாடல் கொப்பி, கலியாணப் பதிவுகள், பள்ளிவாசல் கணக்குகள், இந்தியாவில் இருந்து கப்பலில் வந்த அச்சு நூல்கள் எல்லாம் பூட்டிய வீட்டுக்குள் நின்றுவிட்டன. பிறகு வீடுகளில் கூரையும் இல்லை, கதவும் இல்லை. மழையும் கறையானும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

பொது நூலகத்தின் இழப்பையும் இந்த இழப்பையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெரியும். பொது நூலகம் ஒரே இரவில், உலகம் பார்க்க எரிந்தது. எங்கள் வீட்டு நூல்கள் ஆயிரம் வீடுகளில் தனித்தனியே, ஒருவரும் பாராமல் அழிந்தன. அவை ஒருபோதும் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்கவில்லை. ஆகவே அந்த இழப்புக்கு ஓர் எண்கூட இல்லை. என் வகுப்பில் ‘யாழ்ப்பாண முஸ்லிம்கள் என்ன எழுதினார்கள், சேர்?’ என்று ஒரு பிள்ளை கேட்டால், நான்கைந்து பெயர்களைச் சொல்லிவிட்டு நிறுத்த வேண்டியிருக்கிறது. எழுதியவர்கள் நான்கைந்து பேர்தான் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். பட்டியல் இல்லாமையின் உண்மையான நட்டம் இதுதான்.

பட்டியல் போட்டவர்கள்

நல்ல வேளையாக, இந்த வேலையைத் தனி ஆட்களாக நின்று செய்தவர்கள் இருக்கிறார்கள். 1865இல் சென்னையில் ஜோன் மர்டொக் வெளியிட்ட தமிழ் அச்சு நூல்களின் பட்டியலில் முஸ்லிம்களின் நூல்களுக்கு ஒரு தனிப் பிரிவு இருந்தது. அவர் கிறிஸ்தவ மிஷனரி, அவருடைய நோக்கம் வேறு. இருந்தாலும் அன்று அச்சில் என்ன கிடைத்தது என்பதற்கு அது ஒரு சாட்சி.

எங்களுக்குள் இருந்து வந்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ம.மு. உவைஸ். முஸ்லிம்கள் தமிழுக்கு ஆற்றிய தொண்டு பற்றி இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவர் செய்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வந்தது. பிறகு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்து பீ.மு. அஜ்மல்கானோடு சேர்ந்து ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ என்பதைப் பல தொகுதிகளாக எழுதினார். வரலாறு எழுதுவதற்கு முன் நூல்களைத் தேடி எடுத்து, எண்ணி, வகுக்க வேண்டியிருந்தது. அந்த உழைப்பு இல்லாவிட்டால் இந்த இலக்கியப் பரப்பின் அளவே எங்களுக்குத் தெரிந்திருக்காது.

அடுத்தவர் எஸ்.எச்.எம். ஜெமீல். கல்வித்துறையில் உயர் பதவிகள் வகித்துக்கொண்டே, இலங்கை முஸ்லிம்களின் நூல்களைத் தேடித் தேடி ‘சுவடி ஆற்றுப்படை’ என்ற பெயரில் பல பாகங்களாகப் பட்டியலிட்டார். தலைப்பைக் கவனியுங்கள். பரிசு பெற்ற பாணன் பெறாதவனுக்கு வழி சொல்வது ஆற்றுப்படை. நூலைக் கண்டவர் காணாதவருக்கு வழி சொல்வது பட்டியல். நூற்பட்டியலுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ப் பெயரை நான் கண்டதில்லை.

யாழ்ப்பாணத்தில் நூலகராகப் பணியாற்றி இலண்டனுக்குப் புலம்பெயர்ந்த என். செல்வராஜா, 2002இல் இருந்து ‘நூல்தேட்டம்’ தொகுதிகளை வெளியிட்டு வருகிறார். தொகுதிக்கு ஆயிரம் ஈழத்துத் தமிழ் நூல்கள் என்று கணக்கு. தமிழர், முஸ்லிம், மலையகத்தார் என்ற பேதம் அதில் இல்லை. 2005இல் தன்னார்வலர்கள் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகம், பட்டியலோடு நூலின் பக்கங்களையும் படமெடுத்து உலகத்துக்குத் திறந்துவைத்தது. பட்டியலும் நூலும் ஒரே கூரையின் கீழ் இருந்ததால் நேர்ந்த கேட்டுக்கு இதுவே சரியான மறுமொழி.

இனி எங்கள் பங்கு

இந்தப் பெரியவர்கள் அச்சில் வந்த நூல்களின் பெரும் பகுதியைக் கரைசேர்த்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது வீடுகளில் கிடப்பவை. புத்தளத்தில், நீர்கொழும்பில், கொழும்பில், திரும்பி வந்த யாழ்ப்பாணத்து வீடுகளில், எவரோ ஒரு மூத்தம்மா தலையணைக்கு அடியில் காப்பாற்றிக் கொண்டுவந்த கிதாபு ஒன்று இருக்கும். அதைத் தரச் சொல்லிக் கேட்டால் தரமாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை. நூல் உங்களோடேயே இருக்கட்டும், விவரத்தை மட்டும் எழுதிக்கொள்கிறோம் என்று கேட்க வேண்டும்.

எழுத வேண்டியவை அதிகம் இல்லை. தலைப்பு, அட்டையில் உள்ளபடியே, எழுத்துக்கூட்டலைத் திருத்தாமல். ஆசிரியர் பெயர், தந்தை பெயர், ஊர். மொழி எது, எழுத்து எது என்று தனித்தனியாக. அச்சகமும் இடமும். ஆண்டு ஹிஜ்ரியில் இருந்தால் ஹிஜ்ரியிலேயே, ஏனென்றால் ஹிஜ்ரி ஆண்டு இரண்டு கிறிஸ்தவ ஆண்டுகளில் கால் வைக்கும். உதாரணமாக ஹிஜ்ரி 1301 என்பது 1883 நவம்பரில் தொடங்கி 1884 ஒக்டோபரில் முடிகிறது. அவசரப்பட்டு மாற்றி எழுதினால் ஓர் ஆண்டு பிழைத்துவிடும். பிறகு பக்க எண்ணிக்கை, என்ன வகை, முன்னும் பின்னும் கிழிந்திருக்கிறதா, யாரிடம் இருந்து வந்தது என்பவை. வழக்கில் உள்ள மற்ற எழுத்துக்கூட்டல்களை அடைப்புக்குள் சேர்த்துவிடலாம். முகப்புப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டால் பிறகு சரிபார்க்கலாம்.

உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு இது அரை மணி நேர வேலை. தமிழும் படிக்கும், வரலாறும் படிக்கும், வீட்டுப் பெரியவரோடு பேசவும் செய்யும். அரபுத்தமிழ் கிதாபு வந்தால் குர்ஆன் மத்ரஸா உஸ்தாதையும் தமிழ் ஆசிரியரையும் ஒரே மேசையில் இருத்த வேண்டும். ஒருவர் எழுத்தை வாசிக்க, மற்றவர் சொல்லைப் பிடிப்பார். இப்படிச் சேரும் பட்டியலை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது. பள்ளிவாசலில் ஒரு பிரதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி, பொது நூலகத்தில் ஒரு பிரதி, கணினியில் ஒரு பிரதி என்று குறைந்தது நான்கு இடங்களில் இருக்க வேண்டும். 1981 கற்றுத்தந்த பாடம் அது.

1990இல் வெளியேறியபோது இருபது வயதாக இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். எந்த வீட்டில் எந்தப் புலவரின் கொப்பி இருந்தது, யார் எந்த மௌலிதை ஓதுவார்கள் என்று நினைவு வைத்திருந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராக மவுத்தாகிக்கொண்டிருக்கிறார்கள். இல்லாமல் போன நூல்களின் பெயர்களையும் அவர்களிடம் கேட்டுத் தனிப் பட்டியலாக எழுதலாம். இப்னு அந்நதீமும் தாம் கேட்டறிந்த நூல்களைச் சேர்த்தே எழுதினார். அந்தத் தனிப் பட்டியலில் உள்ள ஒரு பெயரைப் பார்த்து, காயல்பட்டினத்திலோ பினாங்கிலோ இருக்கும் ஒருவர் ‘இது என்னிடம் இருக்கிறது’ என்று கடிதம் எழுதினால், ஒரு நூல் வீட்டுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த நோன்புகால விடுமுறைக்கு முன்னரே இரண்டு கொப்பியை வாங்கி, உங்கள் தெருவில் இருக்கும் மிக மூத்தவரின் வீட்டில் இருந்து தொடங்குங்கள்.